அம்மா தைத்து மூடிய பக்கங்கள்

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று தாய்மாமா சொன்னார். அம்மாவைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. கோபமெல்லாம் மற்றவர்கள் மேல். அந்த மற்றவர்களில் நானும் ஒருத்தி.

அம்மா பினாங்கின் பத்து காவான் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். இன்று அந்தப் பக்கம் காரில் போகிறவர்களுக்குத் தொழிற்சாலைகள்தான் தெரியும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை முதல் மாணவி. அதற்கு மேல் படிக்க மாமாவை அனுப்பினார்கள். அம்மாவைப் பால் வெட்ட அனுப்பினார்கள்.  அம்மா இதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை, நான்தான் சொல்கிறேன்.

திருமணமாகி ஜார்ஜ்டவுன் வந்தபின், லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் உட்கார்ந்து ரவிக்கை தைத்தார். நானும் தங்கையும் பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் போவோம். நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தபோது அப்பா இறந்தார். துக்க நாட்களில் ஒருவர் வந்து புராணம் படித்தார். கருடன் கேட்க விஷ்ணு சொல்வதாக வடமொழியில் உள்ள, சாவு வீட்டில் மட்டுமே படிக்கிற அந்தப் புராணம்தான். அதன் பெயரைச் சும்மா சொல்லக்கூடாது, புத்தகத்தை வீட்டில் வைக்கவே கூடாது என்பார்கள். வந்தவர் மளமளவென்று படித்து முடித்தார். அம்மா கேட்டார்.

"என்ன படிச்சீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாதும்மா."

அடுத்த வாரமே அம்மா அதன் தமிழ் உரைநடைப் புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கிவிட்டார். மஞ்சள் துணியில் சுற்றித் தையல் மெஷின் டிராயரில் வைத்தார். முழுவதையும் மூன்று முறை படித்தார். பிறகு பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது, அவர்களுக்குப் புரிகிற மாதிரி உட்கார்ந்து படித்துக் காட்டினார். அன்றிலிருந்து பினாங்கில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் அம்மாவுக்கு அழைப்பு வரும். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பொம்பள படிக்கிற புத்தகமா அது?"

"சாவு பொம்பளைக்கும் வருதுல்ல, அண்ணே."

ஒரு வரி விடாமல் படிப்பதுதான் அப்போது அம்மாவின் பெருமை. அந்தப் பெருமை நிபோங் திபாலில் ஒரு வீட்டில் உடைந்தது. அங்கே ஒரு தாய்க்கு ஒரே மகன். தொழிற்சாலையில் நல்ல வேலை. தானே தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்த வீட்டிலும் அம்மா வரிசை மாறாமல் படித்துக்கொண்டே போனார். யார் யாருக்கு எந்தெந்த நரகம் என்று வரும் பகுதியில், தானே உயிரை விட்டவர்களைப் பற்றிய இடமும் வந்தது. வாய் நிற்பதற்குள் அதையும் படித்துவிட்டார். சுவரோரம் இருந்த தாய் தலையைத் தூக்கினார்.

"அக்கா, எம்புள்ள இப்ப அங்கயா இருக்கான்?"

அம்மா புத்தகத்தை மூடிவிட்டார். நேரே வீடு வந்தார். வந்ததும் புடவைகூட மாற்றாமல் ஊசியில் கறுப்பு நூல் கோத்தார். நரகங்கள் வரும் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, மூன்று ஓரத்திலும் நெருக்கமாகத் தைத்து மூடினார்.

"இத எழுதுனவங்களுக்குப் பிள்ள செத்திருக்காது" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் படித்தாலும் அந்த இடம் வந்ததும் அம்மா நிமிர்ந்து, "இங்க கொஞ்சம் டீ குடிச்சிக்குவோம்" என்பார். குடித்து முடித்ததும் தைத்த பக்கங்களை ஒரே புரட்டாகப் புரட்டி, தண்ணீரும் விளக்கும் சோறும் கொடுத்தால் போனவருக்குப் போய்ச் சேரும் என்று வரும் இடத்திலிருந்து தொடங்குவார். யாரும் எதுவும் கேட்டதில்லை. டீ நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள்.

நிபோங் திபாலில் மகனை இழந்த அந்தத் தாய் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்; நாங்கள் அவரை அக்கா என்போம். பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி வருவார். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்கு ஹூக் வைப்பார். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யப் போன காலத்தில் கூடவே போய் உட்கார்ந்தவர் அவர்தான். நான் வேலையில் இருந்தேன். தங்கை கோலாலம்பூரில் இருந்தாள். மாமா போனில் இருந்தார்.

அம்மாவின் பதினாறாம் நாளுக்கு வருகிறேன். மாமா தாமே படிக்கிறேன் என்றார். அம்மாவின் புத்தகத்தையே கேட்டார். நான் பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் தையலைப் பார்த்தார்.

"தங்கச்சி எல்லார் வீட்டுலயும் பாதியத்தான் படிச்சிருக்கு. அது பாவம்லா. அந்தப் பாவம் அதும்மேல ஒட்டக்கூடாது. இன்னிக்கு முழுசாப் படிச்சிடணும். பிளேடு இருந்தா கொண்டாம்மா."

மெஷின் டிராயரிலிருந்து, அம்மா நூல் அறுக்கும் பிளேடையே எடுத்துக் கொடுத்தவள் நான். துக்க வீட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மாமா தையலைச் சரசரவென்று அறுத்தார். உரக்கப் படித்தார். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்தது. ஒரு வரி விடாமல் மாமா படித்தார். அக்கா அழவில்லை. மெதுவாக எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாழை இலை போட்டிருந்தோம். அம்மாவைத் தாங்கிப் பிடித்த அந்தக் கை எங்கள் வீட்டில் ஒரு பிடி சோறு அள்ளவில்லை. மாமா மட்டும் திருப்தியாகச் சொன்னார், "இப்பத்தான் தங்கச்சி நிம்மதியாப் போவும்."

மாமா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். தங்கைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற பயத்தில்தான் செய்தீர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. அம்மா செய்த புண்ணியங்களிலேயே பெரிய புண்ணியம் அந்தத் தையல்தான். அதைப் பாவம் என்று நினைத்துப் பிரித்துவிட்டீர்கள். அவர் சம்பாதித்த அந்த ஒன்றை, அவருடைய பதினாறாம் நாளிலேயே, அவருடைய பிளேடாலேயே.

அக்கா அதற்குப் பிறகு வரவேயில்லை. போனும் எடுக்கவில்லை. போன மாதம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே நிபோங் திபால் போனேன். கதவைத் திறந்து, "உள்ள வாம்மா" என்றார். புத்தகத்தையும் அம்மாவின் கறுப்பு நூல்கண்டையும் ஊசியையும் மேசையில் வைத்தேன்.

"எனக்குத் தையல் சரியா வராது, அக்கா."

அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு தைத்தார். அம்மாவின் ஊசி போன பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு, ஒவ்வொன்றாகத் தைத்தார். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வீட்டுல இருக்கிற பிளேடெல்லாம் தூக்கிப் போட்டுடுலா" என்றார். இருவரும் அழுதோம். இதையெல்லாம் எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அம்மாவை மூன்று வருடம் முகம் சுளிக்காமல் கவனித்த தாதியர்களுக்கும், பதினாறு நாளும் எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சமைத்துக் கொடுத்த எங்கள் அடுக்குமாடிப் பெண்களுக்கும், வயதான காலத்தில் ஓடியாடி எல்லாக் காரியமும் செய்த மாமாவுக்கும் நானும் தங்கையும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆண்டுத் திதிக்கு அந்தப் புராணத்தைப் படிக்கும் வழக்கம் கிடையாது என்பார்கள். இன்று படிக்கப் போகிறோம், படிக்கப் போவது நான். முன்வரிசையில் நடு நாற்காலி அக்காவுக்கு. அந்தப் பக்கங்கள் வந்ததும் டீ வரும். எல்லாரும் இருந்து குடிக்க வேண்டும். உங்களுக்குச் சீனி குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன், மாமா.