என் நேரத்தில் நடந்த குப்பி

வரவுத்தாள் சுற்றி வந்து என் கையில் சேர்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தாளில் நாற்பது கையெழுத்து. மண்டபத்தில் பதினான்கு தலை. பாதிக் கையெழுத்துகள் ஒரே பேனை, ஒரே சாய்வு. ஏன் வரவில்லை என்று கேட்பதை விட்டுவிட்டு, எங்கே போகிறார்கள் என்று போய்ப் பார்த்தால் என்ன?

நான் புள்ளிவிபரவியலுக்குத் தற்காலிக விரிவுரையாளர். பட்டம் பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. விரிவுரைக்கு ஐம்பது சிலைட் செய்துகொண்டு மஹய்யாவவிலிருந்து பஸ் பிடித்து ஓடிவருகிறவள். வரவு போதாதவர்களின் பட்டியலை வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும். அதில் பெயர் வந்தால் பரீட்சை எழுத முடியாது.

அன்றைய விரிவுரையைப் பாதியில் முடித்துவிட்டுத் தேடிப்போனேன். நூலகத்துக்குப் பின்னாலிருந்த பழைய வகுப்பறையில் குப்பி நடந்துகொண்டிருந்தது. மாணவர் ஒருவரே மற்றவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்வதற்கு எங்கள் பல்கலைக்கழகங்களில் அப்படித்தான் பெயர். வழக்கமாகப் பரீட்சை நெருங்கினால்தான் குப்பி வைப்பார்கள். இவர்களோ என் விரிவுரை நேரத்திலேயே வைத்திருந்தார்கள்.

சொல்லிக்கொடுத்தவள் திகனயிலிருந்து வரும் மூன்றாம் வருட மாணவி, என் வகுப்புக்காரர்களுக்கு மூத்தவள். பலகையில் இரண்டு பஸ் வரைந்திருந்தாள். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்கும் திகன பஸ்ஸுக்கும் காத்திருக்கும் சராசரி நேரம் ஒன்றுதானாம். ஆனால் ஒன்று சொன்ன நேரத்துக்கு வரும். மற்றது இன்றைக்கு உடனே வரும், நாளைக்கு அரை மணி நேரம் காயவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் நியம விலகல் என்றாள். நான் பதினொரு சிலைட்டில் சொன்னது. தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறவள் நான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? வயிறு எரிந்தது.

அவள் என்னைக் கண்டுவிட்டாள்.

"உள்ள வாங்க மிஸ். இங்க சைன் வைக்கத் தேவல்ல."

"மிஸ் வராட்டியும் மிஸ்ஸுக்கு நாங்க போட்டுடுவோம்" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு பாடம் சொன்னவள் வெளியே வந்து மன்னிப்புக் கேட்டாள். "மிஸ்ட கிளாஸ் கூடாதுண்டு இல்ல. ஒன்னு கேக்கப் போனா அடுத்த சிலைட் வந்துடுதாம், அதான்." அவள் பணிவாகச் சொன்னதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று மாலையே இதுவரையான தாள்களில் இருந்த கள்ளக் கையெழுத்துகளை வெட்டிவிட்டுப் பட்டியலை எழுத உட்கார்ந்தேன். கை முதலில் எழுதியது அந்தப் பின்வரிசைக்காரியின் பெயரை. அடுத்தடுத்த பெயர்களும் வேகமாக விழுந்தன. இருபத்தாறாவது பெயரில் பேனை நின்றது. இவர்களைத் தடுப்பது என் வகுப்புக்கு வராததற்காகவா, அவளிடம் போனதற்காகவா? வந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் துறைத்தலைவரிடம் போய் நின்றேன். மேலதிக வகுப்புகள் வைத்தால் அவற்றையும் வரவில் சேர்க்கலாம் என்றார்; பட்டியலுக்கு ஒரு வாரம் தவணையும் தந்தார்.

சனிக்கிழமை காலை முதல் வகுப்பு. திகனக்காரியையும் கேட்டிருக்கிறேன், பாதி நேரம் எடுக்கச் சொல்லி. உடனே சம்மதித்துவிட்டாள், கொஞ்சமாவது யோசித்திருக்கலாம். முதல் பாதி என்னுடையது. சிலைட் இல்லாமல், பலகைக்கு முன்னால் வெண்கட்டியோடு மட்டும் நிற்கப்போகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது ஒருவர் கையை உயர்த்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்.