பாய்லர்காரர் பிடித்த பிடி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். தெற்கே எங்கள் ஊரிலிருந்து நானும் என் சிநேகிதனும் சேர்ந்து வந்து, ஒரே அறையில் தங்கி, ஒரே ஷிப்டில் நின்றோம். பட்டறையில் பாய்லர் பார்த்தவர் உள்ளூர்க்காரர், ஐம்பதை நெருங்கியவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். தெருநாய் குறுக்கே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிடுவார். முதலாளி சத்தம் போட்டால் வாய் குழறும். "பாய்லர் இன்னும் வெடிக்கலன்னா, அது அண்ணாச்சி பயப்படுத பயத்துலதாம்ல" என்று அவர் காதுபடவே சிநேகிதன் சொல்வான். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு மத்தியானம் கழிவுத் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. சிநேகிதன் கைலியை மடித்துக் கட்டி ஏணியில் இறங்கினான். முன்பும் இறங்கியிருக்கிறான். ஆனால் பட்டறை சில நாள் மூடிக் கிடந்து அன்றுதான் தொட்டியைத் திறந்திருந்தார்கள். மேலே நின்று நான் அவனோடு சினிமாப் பேச்சு பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் பதில் நின்றுபோனது. எட்டிப் பார்த்தால் சாயத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான்.

ஏணியில் கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து பாய்லர்காரர் என் இடுப்பைக் கட்டி இழுத்தார்.

"போகாத கண்ணு, உள்ள என்னமோ ஆகுது. போகாத!"

"அவன் சாகுதான், விடுங்க!"

திமிறினேன். அவர் கையைக் கடித்தேன். பிடி தளரவில்லை. இருவரும் தரையில் விழுந்தோம். என் மேல் கிடந்தபடி அவர் அழுதார். ஓடி வந்தவர்களையும் "ஆரும் எறங்காதீங்க சாமி, ஆரும் எறங்காதீங்க" என்று கத்தித் தடுத்தார். யாரோ "பயந்தாங்கொள்ளி" என்று காறித் துப்பினார்கள். நானும் அதையேதான் கத்தினேன்.

தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி மாட்டியவர்கள் அவனைத் தூக்கினார்கள். உயிர் இல்லை. "உள்ள வெசவாயு. போன கொஞ்ச நேரத்துலயே முடிஞ்சிருக்கும். இன்னொருத்தர் எறங்கியிருந்தா ரெண்டு பேரத் தூக்கியிருப்போம்" என்றார் அவர்களில் ஒருவர். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோன வேனில் முதலாளியும் வரவில்லை, மேனேஜரும் வரவில்லை. பாய்லர்காரர் வந்து ஏறினார்.

"நீங்க வராதீங்க. அங்க அடிச்சிருவாங்க" என்றேன்.

"அடிச்சா அடிக்கட்டும்" என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

ஊரில் அவனுடைய அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கூடவே இருந்துக்கிட்டு எம் புள்ளைய விட்டுட்டியேல!" கூட்டத்தின் கடைசியில் நின்ற பாய்லர்காரர் முன்னால் வந்தார்.

"பையன வையாதீங்கம்மா. அவன் எறங்கத்தான் போனானுங்க. நாந்தானுங்க புடிச்சுக்கிட்டேன்."

இறந்தவனின் மாமா பாய்ந்து வந்து அவரைக் கன்னத்தில் அறைந்தார். அவர் தடுமாறி நிமிர்ந்து, அதே இடத்தில் நின்றார். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது அம்மா குறுக்கே வந்துவிட்டாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"எம் புள்ள எறங்கயில நீங்க பக்கத்துல இல்லாமப் போயிட்டியளேய்யா" என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரிடம் கேட்டேன். "எறங்குனா செத்துருவோம்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது கண்ணு. பயமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"அவன் வீட்டுக்கு வரும்போது?"

"அதவிடப் பயம். வேன்ல பாதி வழியில எறங்கிரலாமான்னு கூட இருந்துச்சு."

நான் அன்று ஏணியில் கால் வைத்ததைத் தைரியம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். யோசிக்காமல் செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று தெரியவில்லை. பிறகு நான் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் வேலைக்கு மாறினேன், கல்யாணம் செய்துகொண்டேன். அவர் அந்தப் பட்டறையிலேயே இருந்தார். அங்கே சிலர் அவரைக் கடைசிவரை பயந்தாங்கொள்ளி என்றே கூப்பிட்டார்கள். அவர் ஒருபோதும் மறுத்துப் பேசியதில்லை.