அண்ணனின் வானுக்கு ஒரு மீற்றர்

ரொறன்ரோவில் ஆட்கள் காசு கொடுத்துக் காரை வெடிக்க வைக்கிறார்கள். பொய்யில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் பிளாசாவின் கார் தரிப்பிடத்துக்கு வந்து பாருங்கள். சைலன்சரை மாற்றிப் பூட்டிய பெடியன்கள் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்க, பின்குழாய் படபடவென்று வெடிக்கும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். முதல்முறை கேட்டபோது நான் பாண் பையோடு ஒரு காருக்குப் பின்னால் குந்திவிட்டேன். பிறகு அதே நான் ஒரு பழைய காரை வாங்கி, வேகம் கூட்ட அதற்கு டேர்போ பூட்டி, அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டேன் என்றால் ஊரிலிருந்து வாசிக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் என் கார் மட்டும் வெடிக்கக்கூடாது. அதில் நான் பிடிவாதம்.

டேர்போ பூட்டினால் வைட்பாண்ட் மீற்றரும் வேண்டும். புகைக்குழாயில் பூட்டும் ஒரு சென்சர், எஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் எந்த அளவில் கலக்கின்றன என்று கண்டுபிடித்து, டாஷ்போர்டில் இருக்கும் வட்ட முகத்தில் காட்டும். கலவை பிழைத்தால் எஞ்சின் போய்விடும். இதை அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னதுதான் வினையாயிற்று. அவர் ஊரில், சம்பூரில், ஆட்களை ஏற்றி இறக்கும் வான் ஓட்டினார். சண்டை திரும்பத் தொடங்கிவிடுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். என்னோடு தொலைபேசியில் கதைப்பதற்கு ஆமிச் சோதனைச் சாவடியைத் தாண்டி மூதூர்வரை வரவேண்டும்.

“தம்பி, அது என்ர வானுக்கும் சரிவருமோ?” என்று கேட்டார். “பெற்றோல் கிடைக்கிறேல்ல. ஸ்டார்ட் பண்ண மட்டும் பெற்றோல், மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய். போன கிழமை ஆமிச் சென்றியடியில ஸ்லோ பண்ண, டமார் எண்டு ஒரு வெடி. ஆமிக்காரன் மண்மூட்டைக்குப் பின்னால பாய்ஞ்சு துவக்கை நீட்டினவன். வானுக்குள்ள சின்னப்பிள்ளையளும் இருந்ததுகள்.”

இரண்டு மீற்றர் வாங்குவதென்று கடைக்குப் போனேன். தாடி வைத்த விற்பனையாளர் இரண்டாவது எந்தக் காருக்கு என்று கேட்டார். அண்ணனின் வானுக்கு, மண்ணெண்ணெயில் ஓடுகிறது என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

“வேகத்தைக் குறைக்கும்போது வெடிக்கிறது” என்றேன்.

“அருமை! அதற்குத்தானே எல்லோரும் இங்கே வருகிறார்கள். இன்னும் பலமாக வெடிக்க வைக்கவும் வழியிருக்கிறது.”

“வெடிக்கக்கூடாது.”

“ஓ, அயலவர்கள் முறைப்பாடு செய்கிறார்களா?”

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? ஒருவகையில் சென்றியில் நிற்கும் ஆமிக்காரர்களும் அயலவர்கள்தான்.

அவர் பெட்டியைத் திறந்தார். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று ஒரு கட்டு வயர். அது புகைக்குழாயிலிருந்து சீற்றுக்குக் கீழால் முன்பக்கம் வரவேண்டுமாம். முடிவில் சிவப்பு இலக்கம் எரியும் ஒரு வட்டம். நாங்கள் ஊரில், அன்புவழிபுரத்தில் இருந்தபோது, தூரப் பயணமென்றால் காரிலிருந்த கசெற் பிளேயரைக் கழற்றி வீட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். அதன் பின்னால் தொங்கும் இரண்டு வயருக்கு ஒவ்வொரு சென்றியிலும் அது குண்டு வயர் இல்லை என்று விளக்கம் சொல்லி மாளாது. இது இரண்டு வயரா? சீற்றைத் தூக்கிப் பார்ப்பவனிடம் அண்ணன் எந்தப் பாஷையில் என்னத்தைச் சொல்லுவார்?

“இதை உடனே கழற்ற முடியுமா? கேட்டால் காட்டுவதற்குப் பெட்டியும் வேண்டும்” என்றேன்.

“திருப்பித் தருவதென்றால் பற்றுச்சீட்டே போதும்” என்றார் அவர், மிகவும் அன்பாக.

அனுப்பினால் வயர், அனுப்பாவிட்டால் வெடி. இரண்டு பெட்டிகளையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன். எனக்கு மண்டை குழம்பிவிட்டது. கடைசியில் என்னுடையதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, அண்ணனின் அழைப்புக்குக் காத்திருந்தேன்.

“அனுப்பவோ, விடவோ அண்ணா? எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நீங்களே சொல்லுங்கோ.”

“வேண்டாமடா. வெடிச்சா துவக்கை நீட்டுவாங்கள், பிறகு போக விடவும் கூடும். வயரைக் கண்டா ஆளையெல்லோ கொண்டுபோவாங்கள்.”

“அப்ப என்ன செய்யப் போறியள்?”

“சென்றிக்கு முன்னாலயே எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு எல்லாரும் இறங்கித் தள்ளுறம். தாண்டின பிறகுதான் ஸ்டார்ட். ஆமிக்காரனுக்கும் இப்ப பழகிப்போச்சு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் காருக்கு மீற்றரைப் பூட்டினேன். கலவை திறம். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது எங்கள் தெரு முனையில் ஒரு பொலிஸ் கார் நின்றது. பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். என் கை சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டது. மீற்றர் அணைந்தது. ஏனென்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. இறங்கி, ஒரு கையால் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு, தள்ளத் தொடங்கினேன்.

“பழுதா?” என்று கேட்டபடி அவர் ஓடிவந்தார். இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். தலையை ஆட்டிவிட்டேன். அவர் பின்னால் போய் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினார்.

“இப்போது ஸ்டார்ட் செய்து பார்!” என்று கத்தினார்.

அவரைத் தாண்டிய பிறகுதான் ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் அவர் காரோடு கூடவே வந்துகொண்டிருந்தார்.