சின்னம்மா சாப்பிட்ட பேத்தை மீன்

யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலம். நிலாவெளியில் எங்கள் வீட்டுச் சட்டி மீனைக் கண்டு பல நாளாகியிருந்தது. கரையில் நின்றே இழுத்த வலையிலிருந்து யாரோ எடுத்து எறியப்போன, பந்துபோல் ஊதும் பேத்தை மீனை அப்பா கேட்டு வாங்கிவந்தார். தோலையும் குடலையும் நீக்கினால் நஞ்சு போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை.

கறி வைத்தது அம்மாவின் தங்கையான சின்னம்மா. உப்புப் பார்க்க மீன்முட்டையில் ஒரு துண்டை வாயில் போட்டவர், நாங்கள் சாப்பிட உட்காருமுன் குசினி வாசலுக்கு வந்து, "அக்கா, என்ர நாக்கு மரத்துப்போச்சுது" என்றார்.

பிறகு விரல்கள் மரத்தன. கால்கள் மடிந்தன. பேச்சு வாய்க்குள்ளேயே குழைந்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு லொறியில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோனோம். சின்னம்மாவின் தலை என் மடியில் இருந்தது. பாதி திறந்த கண்ணின்மேல் ஓர் ஈ நடந்தது. இமை அசையவில்லை.

வழியில் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் மறித்துவிட்டார்கள். அப்பா மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, "முடிஞ்சுது" என்றார். அம்மா கத்தினார். தேற்றுவதாக நினைத்து அப்பா சொன்னார்: "அழாதை. அவன் இல்லை எண்டதை இனி இவளுக்கு ஒளிக்கத் தேவையில்லை. தாலியோடயே போயிட்டாள்."

சித்தப்பா வீட்டில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். சீனன்குடாவுக்கு வேலைக்குப் போனவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், விட்டுவிடுவார்கள் என்றுதான் எனக்கும் சின்னம்மாவுக்கும் சொல்லியிருந்தார்கள்.

அப்போது அந்த அசையாத கண்ணிலிருந்து நீர் வழிந்து என் கையில் விழுந்தது. சூடாக இருந்தது.

"அப்பா, சின்னம்மா அழுறா."

"செத்தவை அழமாட்டினம். பேசாமல் இரு."

ஆஸ்பத்திரியில் டொக்டர் நெஞ்சில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். உடனே தொண்டைக்குள் குழாய் விட்டுக் காற்றடிக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் டொக்டர் வெளியே வந்தார்.

"உயிர் இருக்குது. நரம்பு சொல்லுறது தசைக்குப் போய்ச் சேராமல் நஞ்சு மறிச்சுப்போட்டுது. அதுதான் அசைய ஏலாது. ஆனால் நினைவு தப்பேல்லை. பக்கத்தில கதைக்கிறது எல்லாம் கேக்கும்."

அம்மா கைகூப்பினார். நான் துள்ளிக் குதித்தேன். அப்பா மட்டும் சுவரைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். சந்தோசத்தில் தலைசுற்றுகிறது போல என்று நினைத்தேன்.

மறுநாள் விரல் அசைந்தது. அடுத்து குரல் வந்தது. சின்னம்மா தண்ணீர் கேட்டார். சித்தப்பாவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மாவின் முகத்தைக் கழுவிவிட்டு, குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினேன்.

"வேண்டாம் பிள்ளை" என்று என் கையை மெல்லத் தள்ளினார்.

உடம்பு இன்னும் தேறவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, சிமிழை மூடி, நாளைக்கு வைத்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன்.