ஜீப்பில் அக்காவின் இடம்

அந்தப் பச்சைச் சுடிதார் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அக்கா அதைப் போட்டுக்கொண்டு, தலையை இறுக்கப் பின்னி, தேர்வு நுழைவுச்சீட்டை மழைக்கு நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பியிருப்பாள். அன்று பார்க்க டீச்சரம்மா மாதிரி இருந்தாள்.

நான் அப்போது மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை, சனி ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள். மூட்டை அழுக்குத் துணியோடு போடிக்கு வந்திருந்தேன். அப்பா இறந்ததும் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு மலைக்கு ஏறியவள். ஏலக்காய் செடியின் அடித்தூரில் காய்க்கும், நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். அம்மா அப்படிக் குனிந்து குனிந்தே முதுகெலும்பைத் தொலைத்தவள். அக்காவின் கூலியில்தான் நான் படித்தேன். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் அப்படிச் செய்தேன்.

காய் எடுக்கும் பருவத்தில், கூலியாட்களைக் கூட்டிப்போகும் கங்காணியின் ஜீப்பில் ஒருத்திக்கு ஓரிடம். அவளால் வர முடியாவிட்டால் அவள் வீட்டிலிருந்து மாற்றாள் ஏற வேண்டும். யாரும் ஏறாவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், பருவம் முடியும்வரை வேலை கிடையாது. அந்தச் சனிக்கிழமை காலை தேனியில் அக்காவுக்கு அரசு வேலைக்கான தேர்வு. ஒரு வருடமாக ஜீப்பில் போகும்போதும் வரும்போதும் கையில் நோட்டோடு படித்திருந்தாள். "ஒரே ஒரு நாளு எனக்குப் பதிலாப் போயிட்டு வா பாப்பா. கூடை நெறையலைன்னாலும் பரவால்ல, ஆள் நின்னாப் போதும்" என்று வெள்ளிக்கிழமையே கேட்டிருந்தாள். சரி என்று தலையாட்டியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லூரித் தோழியிடமிருந்து போன் வந்தது. அவளும் இன்னும் சிலரும் காலையில் வேன் பிடித்துக் குரங்கணி மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறார்களாம். எங்களுக்குச் சொந்தமாக ஏலத்தோட்டம் இருப்பதாக விடுதியில் கதை அளந்து வைத்திருந்தேன். அவர்கள் வேனும் எங்கள் ஜீப்பும் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டித்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, இருபது பெண்களுக்கு நடுவே நசுங்கி நான் வருவதை அவர்கள் பார்த்துவிட்டால்?

காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன். அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ரொம்ப வலிக்குதா?" என்றாள். கண்ணைத் திறக்காமல் தலையாட்டினேன். தெருமுனையில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தால், தானே போகிறேன் என்று அந்த முதுகோடு ஏறிவிடுவாள். அக்கா சுடிதாரைக் கழற்றிக் கொடியில் போட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டாள். "பரீச்சையத் தள்ளி வச்சுட்டாகளாம்மா, மெசேஜ் வந்துருக்கு. நான் சோலிக்குப் போறேன். பாப்பாவுக்கு வயித்துவலி, சுக்குத் தண்ணி வச்சுக் குடு" என்றவள், கங்காணி கத்துவதற்குள் ஓடினாள்.

அம்மா கொடுத்த சுக்குத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். ஒன்பது மணிக்குத் தோழியிடமிருந்து செய்தி வந்தது. மலையில் மழை, அதனால் அவர்கள் கிளம்பவே இல்லையாம். தேனியில் தேர்வு தொடங்கும் நேரம் அது.

சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்த அக்கா, "வலி தேவலையா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அடுத்த அறிவிப்பு வந்தபோது, விண்ணப்பம் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "படிச்சதெல்லாம் மறந்து போச்சு பாப்பா" என்றாள். அத்தோடு சரி.

இப்போது சென்னையில் எனக்கு வேலை. நீண்ட விடுமுறை கிடைத்தால் ஊருக்குப் போகிறேன். அக்கா இன்னும் அதே ஜீப்பில்தான் போகிறாள். அவளுக்குக் குனிந்தால் நிமிர நேரமாகிறது. அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள், மகள் சொன்னதை அப்படியே நம்பியவள். ஒவ்வொரு தடவையும் நான் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏ பாப்பா, அக்கா பரீச்சைக்குத் தேதி போட்டுட்டாகளான்னு போன்ல பாரு. இம்புட்டு வருசமாவா தள்ளி வைப்பாக?"

எனக்காகச் சோறு வடித்துக்கொண்டிருக்கும் அக்கா நிமிர மாட்டாள். நான் போனை எடுத்து, எதையோ தேடுவதுபோல் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பேன்.

"இன்னும் போடலம்மா."