வாயை மறைக்கச் சொன்ன பேராசிரியர்

கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் அழுகிற குழந்தைகூடச் சிரித்துவிடும். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் மட்டும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். விருதுநகரில் ஸ்டூடியோ வைத்து, கல்யாணம், காதுகுத்து, படத்திறப்பு என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிற ஆள் நான். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக விசேஷங்களை எங்கள் யூடியூப் சேனலில் நேரலையாகவும் போடுவோம். அதுதான் வினையாக வந்தது. அரசுச் சம்பளம் வாங்குகிற பேராசிரியர்களும், அவர்களில் கதை கட்டுரை எழுதுகிறவர்களும் முன் அனுமதி இல்லாமல் ஊடகங்களில் பேசக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அன்றிலிருந்து, நலுங்கு வைப்பதைப் படம் எடுக்கிற நானும் ஊடகம் ஆகிவிட்டேன். என்னைப் போன்ற கேமராக்காரர்களே, மைக் செட்காரர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். கேளுங்கள்.

நாதஸ்வரம் பேசிய வாழ்த்துரை

ஆமத்தூரில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்குப் பாடம் நடத்திய வேதியியல் பேராசிரியர் பரமசிவம் சார் வாழ்த்துரைக்கு வந்திருந்தார். பட்டாசு மருந்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார். அன்றைக்கும் மணமக்களை ரெண்டு வரியில் வாழ்த்திவிட்டு, பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் ஆபீஸ் ரூமில் காபி குடித்துவிட்டு, மருந்து ரூம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்புகிறார்கள் என்று ஒரு போடு போட்டார். மண்டபமே கை தட்டியது.

மறுநாள் நான் கடை ஷட்டரைத் தூக்கும்போது சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நேரலையை நீக்கச் சொன்னார், நீக்கினேன். கல்யாண வீடியோவிலும் தன் பேச்சு இருக்கக் கூடாது என்றார். ஆளையே வெட்டிவிட்டால் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்களே! ஆளை வைத்துக்கொண்டு குரலை மட்டும் எடுத்துவிட்டு, மேலே நாதஸ்வரத்தை ஓட்டினேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ஒருவழியாகச் சமாதானமானவர், படியிறங்கும்போது நின்று, உள்ளே ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணைச் சாடையாகக் காட்டிக் கேட்டார்: “இந்தப் பொண்ணு எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணு? வெளிய போயிச் சொல்லிராதே?”

காது எதுக்கு?

வீடியோவைக் கொண்டுபோய்க் கல்யாண வீட்டில் கொடுத்தேன். உடனே டிவியில் போட்டார்கள். பரமசிவம் சார் வந்து வாயசைக்க, நாதஸ்வரம் முழங்கியது. “சார் பேச்சு எங்கன?” என்று எல்லோரும் என்னை முறைத்தார்கள். அப்போது பெண்ணின் சித்தி முத்துமாரி, பூ கட்டிக்கொண்டே டிவியை ஒரு பார்வை பார்த்து, “ஆய்வுக்கு வாரவுக ஆபீஸ்ல காப்பி குடிச்சிட்டு அப்படியே போயிருதாக” என்று சாரின் வாய்க்குச் சரியாக ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டது. அதன் புருஷன் கணேசன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எப்படி என்று கேட்டேன். முத்துமாரி வேலை பார்ப்பது நூல் மில்லில். “உள்ள வந்து நின்னு பாருங்கண்ணே. மிஷின் ஓடுற சத்தத்துல காது எதுக்கு ஆகும்? நாங்க அம்புட்டுப் பேரும் வாயப் பாத்துத்தான் பேசிக்கிடுவோம்” என்றது.

இதை நான் சாரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேடிக்கையாக இருக்கிறதே என்று சொல்லித் தொலைத்தேன். சாருக்கு வியர்த்துவிட்டது. சுற்றிமுற்றிப் பார்த்துக்கொண்டு, “அப்ப வாயையும் மறைச்சிருங்க தம்பி” என்றார்.

முதல் பிரதி

மல்லாங்கிணறில் ஒரு புத்தக வெளியீடு. எழுதியவர் அரசுக் கல்லூரித் தமிழாசிரியர். மேடையில் ஏறினால் பேசச் சொல்வார்கள், பேசினால் நான் படம் பிடிப்பேன், படம் பிடித்தால் ஊடகம். ஆகவே மனைவியை மேடையில் உட்காரவைத்துவிட்டு அவர் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். ஏற்புரை, நன்றியுரை எல்லாம் அந்த அம்மாதான். கேமரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் மனுஷர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். விழா முடிந்ததும் சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் ஆள் தெரியாமல் அவரிடமே புத்தகம் எப்படி என்று கேட்டார். எழுத்தாளர் என் கேமராவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் இன்னும் படிக்கலைங்க.”

முறைத்துப் பார்த்தவர்

இன்னொரு பேராசிரியரின் பணி ஓய்வு விழா. வாசல் ஓரமாக ஓர் ஆள், கட்டை மீசை, வெள்ளைச் சட்டை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வேவு பார்க்க வந்த ஆள் என்று வரிசை வரிசையாகக் காதைக் கடித்தார்கள். பேச வந்தவர்கள் எல்லோரும் வெயிலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கினார்கள். இவர் நம் கேமராவைக் கேட்டால் என்ன செய்வது? கடைசியில் நேராக என்னிடம்தான் வந்தார். “இன்னும் சாப்பிடாதவுக யாரு யாருன்னு சொல்லுங்க, இலை போட்டுச் சோறு ஆறிக்கிட்டு இருக்கு” என்றார் சமையல் காண்ட்ராக்டர்.

பீடி

இதுவரை சிரித்தாயிற்று. கணேசன் வேலை பார்த்த கம்பெனியில் மருந்து ரூம் வெடித்தது. அவரும், அவரோடு வேலை பார்த்த இன்னொருவரும் போய்விட்டார்கள். அந்த இன்னொருவர் பாண்டியம்மாள் என்கிற பெண்ணின் புருஷன். கணேசன் ரூமுக்குள் பீடி பற்றவைத்ததுதான் காரணம் என்று கம்பெனி சொன்னது. டிவியிலும் அதையே சொன்னார்கள். கணேசனுக்குப் பீடிப் பழக்கமே கிடையாது. முதல் நாள் மிஞ்சிய மருந்தை ஒழுகுகிற ரூமில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அன்று ராத்திரி மழை. காலையில் கதவைத் திறந்ததுமே மூத்திர நெடி அடித்ததாகப் பக்கத்து ரூமில் வேலை பார்த்தவர் சொன்னார். ஈரம் பட்டால் மருந்து தானாகச் சூடேறும், அப்போது வருகிற நெடி அது என்பது பரமசிவம் சாருக்குத் தெரியும். டிவிக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் மைக்கோடு நின்றார்கள். சார் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார். அனுமதி கேட்டு எழுதிப் போட்டதற்குப் பதிலே வரவில்லையாம்.

முத்துமாரி, சட்டம் போடுவதற்குப் புருஷன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. கல்யாண வீட்டில் நான் எடுத்த படம்தான், சிரித்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாளும் அதே மில். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள் எல்லோரும் இப்போது தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள் என்றது. போகும்போது சொன்னது: “கேசு கீசு எல்லாம் வேண்டாம்ணே. அவுக பீடி குடிக்கலன்னு படிச்சவுக ஒருத்தர் பாண்டியம்மாகிட்டச் சொன்னாப் போதும்.”

மௌன அஞ்சலி

படத்திறப்புக்கு மில் பெண்கள் ஒருவரும் வரவில்லை. கம்பெனி மேனேஜர் பெரிய மாலையோடு வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பரமசிவம் சாரும் வந்தார்; முத்துமாரி கேட்டதை நான் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னதற்குத் தொண்டை சரியில்லை என்று கையை விரித்தார். எனக்கு வந்த கோபத்துக்குக் கேமராவை அவர் பக்கமே திருப்பக் கூடாது என்று நினைத்தேன்.

மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்து கண்ணை மூடினார்கள். படத்துக்குப் பக்கத்தில்தான் என் கேமரா. சார் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு, நேரே கேமராவைப் பார்த்து நின்றார். உதடுகள் அசைந்தன, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. சத்தம் துளியும் இல்லை. முதலில் சாமி கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் சந்தேகம் வந்தது. இவர் கும்பிட்டு நான் பார்த்ததே இல்லையே! எதிரில் யாருக்காவது சாடை காட்டுகிறாரோ என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். முடிகிற நேரம் கண்ணைத் திறந்து சாரின் உதடு அசைவதைப் பார்த்த மேனேஜர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உருக்கமாப் பிரார்த்தனை பண்ணுனீக சார்” என்றார்.

நான் வீடு திரும்புவதற்குள் சாரிடமிருந்து போன். பெயர் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை. “தம்பி, வாயை மறைச்சிராதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்போதும் எனக்குப் பாதிதான் புரிந்தது. வழக்கமாக மௌன அஞ்சலிக்கு மேலே ஒரு சோக இசையை ஓட்டுவேன். அதுகூடப் போடாமல் வீடியோவை முத்துமாரிக்கு அனுப்பினேன். அது மில் பெண்களின் வாட்ஸ்அப்பில் போய் விழுந்தது. மறுவாரம் முத்துமாரி கடைக்கு வந்து, சார் என்ன சொன்னார் என்று தன் வாயை அதேபோல் மெதுவாக அசைத்துக் காட்டி, பிறகு குரலோடும் சொன்னது: மழையில் நனைந்த மருந்து, தானாகச் சூடானது, கணேசன் மேல் தப்பில்லை, பாண்டியம்மா கேட்டுக்கோ. பெயர் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார் மனுஷர். சொல்லி முடித்ததும் முத்துமாரி அழுதது. நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு அது சொன்னது: “பாண்டியம்மா நேத்து எம்பக்கத்துல வந்து உக்காந்து தூக்குவாளியத் தொறந்தாண்ணே.”

நாளைக்கே மௌன அஞ்சலிக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வரலாம், ஆகவே இவ்வளவு நேரமும் உதட்டை அசைக்காமல்தானே படித்தீர்கள்?