தவராசாவின் காரில் நின்றுபோன காற்று

கை முறிவு ஆறி, கல்முனையில் என் கராஜை மறுபடியும் திறந்த கிழமையில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து வாசலில் நின்றது. காரைக் கண்டதும் என் பழைய வாடிக்கைக்காரர் தவராசாதான் வருகிறார் என்று எழும்பிப் போனேன். கதவைத் திறந்து இறங்கியவர் வேறு ஆள்.

றமீஸ் என்று பெயர் சொல்லி, அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிட்டார். ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறவராம். காரை வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறதாம்.

"ஆருக்கிட்ட வாங்கினீங்க?"

"பாண்டிருப்புல ஒரு ஹயர்க்காரர். ஏசி வேல செய்யாது எண்டு சொல்லித்தான் தந்தார். பொய் சொல்லல்ல."

அவர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். தவராசா தன் காரின் வயரிங் பிழைகளை என்னிடம் காட்ட வரத் தொடங்கிக் கன காலம். ஹோர்ன் அடிக்காவிட்டாலும் வருவார், ஒரு லைட் மங்கினாலும் வருவார். அந்தக் காரை அவர் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததை இந்த வீதியில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வாடகைக்கு ஹயர் ஓடிய அந்தக் கார்தான் அவர் வீட்டு அடுப்பை எரித்தது. அதை விற்கிற அளவுக்கு என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கராஜ் பூட்டியிருந்த மாதங்களில் ஊரில் நடந்த பல விஷயங்கள் எனக்குத் தெரியாமலே போயிருந்தன.

கராஜுக்குள் காட்டாத பிழை

ஏசி வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இந்தப் பிழையைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். நாளைக்கு உங்களிடமும் வரும்.

றமீஸ் சொன்னது இதுதான். காலையில் ஏசி போட்டால் காற்று நன்றாகக் குளிர்ந்து வருகிறது. ஒலுவிலில் இருந்து வெளிக்கிட்டு காரைதீவு தாண்டும்போது காற்று குறையத் தொடங்குகிறது. கல்முனைக்கு வரும்போது மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் வருகிறது. காற்றைத் தள்ளும் புளோவரை எந்த நம்பருக்குத் திருப்பினாலும் அதே கதை.

நான் ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டேன். காற்று முகத்தில் அடித்தது. எல்லா ஸ்பீடும் வேலை செய்தது. கரண்ட் வருகிறதா என்று மீற்றர் வைத்துப் பார்த்தேன், குறை இல்லை. புளோவர் மோட்டர் புதிது. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டரும் புதிது. கேஸ் அளவும் சரி. தவராசா இரண்டு மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது. மாற்றியவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. காற்று வரவில்லை என்று சொன்னால் எல்லாரும் முதலில் மோட்டரைத்தான் பார்ப்பார்கள், பிறகு ரெசிஸ்டரை. நானும் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் இந்தப் பிழை கராஜுக்குள் நிற்கும்போது முகம் காட்டாது. ஓடித்தான் பார்க்க வேண்டும்.

றமீஸை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அக்கரைப்பற்றுப் பக்கம் போனோம். நிந்தவூர் தாண்டியதும் காற்று இளைக்கத் தொடங்கியது. நான் புளோவரின் சத்தத்தைக் கவனித்தேன். மோட்டர் இளைக்கவில்லை, முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிற காற்று வெளியே வர வழியில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

ஏசி பட்டனை மட்டும் அணைத்தேன். புளோவரை ஓடவிட்டேன். ஓரமாக நிறுத்தி இருவரும் ஒரு தேத்தண்ணி குடித்தோம். திரும்பி வந்தபோது காருக்குக் கீழே தண்ணீர் ஓடியிருந்தது. உள்ளே காற்று பழையபடி அடித்துக்கொண்டிருந்தது.

"ஐஸ்" என்றேன்.

றமீஸ் சிரித்துவிட்டார். "என்ட தொழிலே ஐஸ்தானே காக்கா. காருக்குள்ளயுமா?"

டாஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் கொயில் இருக்கிறது. புளோவர் தள்ளும் காற்று அதற்குள்ளால் போய்த்தான் குளிர்கிறது. கொயில் அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்தால் குளிரை உண்டாக்குகிற கம்பிரஷரை நிறுத்தச் சொல்லி அறிவிக்க ஒரு சின்ன சென்சர் அதில் குத்தியிருக்கும். சென்சர் பழுதானால் கம்பிரஷர் நிற்காது. கொயில் உறைந்து, ஐஸ் கட்டி, காற்றுக்கு வழி அடைபட்டுவிடும். நிறுத்தினால் ஐஸ் கரையும், காற்று வரும். கராஜுக்குக் கொண்டுவந்து காட்டுகிற நேரத்தில் பிழை தண்ணீராக ஓடிப்போயிருக்கும்.

சென்சரைக் கழற்றினேன். பக்கத்துக் கூல்பாரில் ஒரு கிளாஸ் ஐஸ்தண்ணி வாங்கி அதற்குள் வைத்து மீற்றரைப் பிடித்தேன். குளிரில் எண் ஏற வேண்டும். அசையவே இல்லை. அதே மாதிரி உடைந்த கார் ஒன்றில் இருந்து கழற்றி வைத்திருந்த சென்சரைப் போட்டேன். மறுநாள் றமீஸ் ஒலுவிலுக்குப் போய் வந்து, கடைசிவரை ஒரே குளிர் என்றார்.

ஒரு பகல் வேலைகூட இல்லை.

ஹீட்டர் ஹோஸ்

பொனட்டுக்குள் இன்னொன்றையும் கண்டேன். இன்ஜினின் சுடுதண்ணியை ஹீட்டருக்குக் கொண்டுபோகும் இரண்டு ஹோஸ் குழாயையும் வெட்டி, ஹீட்டருக்குப் போகாமல் ஒன்றோடு ஒன்று பொருத்தி விட்டிருந்தார்கள். குளிர் குறைவதற்கு ஹீட்டர் சூடு காரணமாக இருக்கலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஹீட்டர் எதற்கு என்று றமீஸும் கேட்டார்.

உடம்பைச் சூடாக்க இங்கே யாருக்கும் ஹீட்டர் தேவையில்லை. ஆனால் மாரி மழையில் கண்ணாடியை மூடிக்கொண்டு ஓடினால் முன்கண்ணாடி உள்ளே ஆவி பிடித்து மங்கும். அதைத் துடைக்க ஏசிக் காற்று வேண்டும், அது இல்லாவிட்டால் ஹீட்டர் காற்றாவது வேண்டும். அந்தக் காரில் ஒன்று உறைந்து போனது, மற்றது வெட்டப்பட்டிருந்தது. ஹோஸைப் பழையபடி பொருத்திக் கொடுத்தேன்.

அந்த வெட்டு தவராசாவை என்ன செய்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கேட்க வந்தவர்

சில நாள் கழித்து ஒரு பின்னேரம், தவராசா கராஜுக்கு வந்தார். ஓட்டோவில் வந்தார். வாடகைக்கு எடுத்து ஓடுகிறாராம். என் கையைப் பார்த்தார், நோவு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

அன்று காலை பஜாரில் அந்தக் காரைக் கண்டாராம். கொழுத்தும் வெயிலில் கண்ணாடி எல்லாம் மூடியிருந்ததாம்.

"ஏசி செய்ததா காக்கா?"

"ஓம்."

"என்ன பிழ?"

பெரிய வேலை, கொயிலையே மாற்ற வேண்டி வந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், விற்றது சரி என்று நிம்மதியாகப் போயிருப்பார். அந்த யோசனை எனக்கு வந்தது. ஆனால் இவ்வளவு காலம் என்னை நம்பி வந்த மனிசனின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். சென்சரையும் எடுத்துக் காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னன் காக்கா. போன இடமெல்லாம் சொன்னன். நிப்பாட்டிப் போட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தா காத்து வருது, மறுகா போகுது எண்டு. ஆரும் காதுல எடுக்கல்ல."

அதற்குப் பிறகுதான் பரீதா டீச்சரின் கதையைச் சொன்னார். சாய்ந்தமருதில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். சிறுநீரக வருத்தம். ரத்தம் சுத்தம் பண்ண மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் வாரம் தவறாமல் போகவேண்டும். தவராசாதான் கொண்டுபோவார். முடியும்வரை வெளியே காத்திருந்து, பின் சீட்டில் தலையணை வைத்து, மெதுவாக ஓட்டிக் கொண்டுவருவார். அந்த ஹயர்தான் அவருக்கு நிலையான உழைப்பு. டீச்சருக்கும் அவரோடு போனால்தான் மனம் ஆறுதல் என்று பிறகு என் மனைவி சொன்னாள்.

திரும்பி வருகிற வழியில் காற்று நின்றுவிடும். டீச்சருக்கு வெக்கை தாங்காது. கண்ணாடியைத் திறந்தால் தூசும் காற்றும் அடித்து இருமல் வரும். அதையும் சமாளித்தார்கள். மாரி தொடங்கியதும் கண்ணாடி மங்கத் தொடங்கியது. ஒரு நாள் நல்ல மழை. பெரியநீலாவணைப் பக்கம் வரும்போது ஒன்றுமே தெரியவில்லை. ஒரு கையால் துணி கொண்டு துடைத்துத் துடைத்து ஓட்டியிருக்கிறார். சைக்கிளில் வந்த ஒருவரைக் கடைசி நேரத்தில்தான் கண்டார். பிரேக் அடித்து, கார் ரோட்டை விட்டு இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டீச்சர் பின் சீட்டில் இருந்து விழுந்துவிட்டார்.

அடுத்த தடவை டீச்சரின் மகன் வேறு வேன் பிடித்தார். தவராசாவோடு கோபிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, உம்மாவின் உடம்பு நிலைமையைச் சொல்லி, குறை நினைக்க வேண்டாம் என்று கேட்டுவிட்டுத்தான் போனார். ஏசி இல்லாத கார் என்று மற்ற ஹயரும் குறைந்தது. ஏசி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கடைசியாகக் காட்டிய இடத்தில் சொன்னார்கள். அதற்கு அவரிடம் வழியில்லை. விற்றார்.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தவராசா" என்றேன். "கைதானே முறிஞ்ச. வாய் இருந்ததானே."

அவர் சென்சரை மேசையில் வைத்தார்.

"வந்தன்தானே காக்கா. உங்கள வீட்ட பாக்க வந்த அண்டைக்கு அதக் கேக்கத்தான் வந்தன். நீங்க கையத் தூக்க ஏலாமப் படுத்துக் கிடந்தீங்க. வருத்தம் பாக்க வந்த இடத்தில என்ட காரக் கதைக்கிறதா எண்டு விட்டுட்டன்."

அவர் வந்தது எனக்கு நினைவு இருந்தது. தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு நெடுநேரம் இருந்தார். எப்படி விழுந்தேன் என்று கேட்டார். மழையைப் பற்றி, சாகாமம் ஊரில் அவர் மச்சானின் வயலுக்குள் தண்ணி நிற்பதைப் பற்றிக் கதைத்தோம். எழும்பிய பிறகும் உடனே போகவில்லை, வாசலில் கொஞ்சம் நின்றார். நான் களைத்துப் போயிருந்தேன். சரி, மழை வரப்போகுது, வெளிக்கிடுங்க என்று நான்தான் அனுப்பினேன்.

எப்போது பார்த்தாலும் அவரிடம் கார் எப்படி என்று கேட்கிற நான், அன்று கேட்கவில்லை. நோயாளியாக இருந்ததால் தொழில் மறந்துபோயிருந்தது. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். தேத்தண்ணிக் கதையைக் கேட்டவுடன், படுத்த படுக்கையிலேயே அது ஐஸ் என்று சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு

நான் ஒலுவிலுக்குப் போய் றமீஸிடம் கதைத்தேன். காரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வீட்டில் பிள்ளைகள் பழகிவிட்டார்கள், நல்ல கார் என்று ஆன பிறகு எப்படிக் கொடுப்பது என்றார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தவராசா விரும்பினால் தனக்கு டிரைவராக வரலாம், நல்ல சம்பளம் கொடுக்கிறேன் என்றார்.

அதைத் தவராசாவிடம் சொன்னேன். "என்ட காருக்கு நான் சம்பளத்துக்கு ஓடுறதா காக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் அந்தக் கதையை அதோடு விட்டேன்.

அடுத்த வருசம் பரீதா டீச்சர் வருத்தம் முற்றி மௌத்தானார். மையித்து வீட்டு வாசலில் தவராசா ஓட்டோவை ஓரமாக விட்டுவிட்டு நின்றார். டீச்சரின் மகன் அவரைக் கண்டு வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உம்மா கடைசிவரை உங்களைக் கேட்டாங்க, அந்த வேன்காரர் வேகமாக ஓட்டுகிறார் என்று சொல்லுவாங்க என்றார். தவராசா தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது நான் அவர் ஓட்டோவில்தான் வந்தேன். என்னை இறக்கிவிட்டபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு நீங்க கொயில் போயிட்டு எண்டு சொல்லியிருந்தா, எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திரிக்கும் காக்கா."

உள்ளதைச் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். அவருடைய முகத்தை நினைத்தால் அந்த நினைப்பு ஆட்டம் காண்கிறது.

இளைய தொழிலாளருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். புளோவர் காற்றுக் குறைகிறது என்று யாராவது வந்தால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆளைக் கதைக்க விடுங்கள். எப்போது குறைகிறது, எப்போது திரும்பி வருகிறது, நிறுத்தினால் கீழே தண்ணி ஓடுகிறதா என்று கேளுங்கள். தேத்தண்ணி குடித்ததையும் சொல்லட்டும், வீட்டுக் கதையும் சொல்லட்டும். பிழை அதற்குள்தான் கிடக்கும். இங்கே எதற்கு என்று நினைத்து ஹீட்டர் ஹோஸை வெட்டாதீர்கள்.

நான் இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமும், கல்யாண வீட்டில் காண்கிறவர்களிடமும், பள்ளிவாசல் வாசலில் நிற்கிறவர்களிடமும் வாகனம் எப்படி என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஒரு குறையும் இல்லை என்பார்கள். சிலர் அதைச் சொல்லிவிட்டும் போகாமல் நிற்பார்கள். அவர்களுக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, இன்னொரு முறை கேட்கிறேன்.